பல் பதிந்த உருண்டை

ராஜகிரி
4.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், ஜாபிர், மருமகள் எல்லாரும் அல்லாஹ் கிருபையில் சுகம். மஸ்கட் வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, முழங்கால் வலி தேவலையா என்று எழுதுங்கள்.

போன் இருக்கும்போது இது என்ன புதுக் கூத்து என்று நினைப்பீர்கள். என் போனில் கேமரா கெட்டுவிட்டது. இனி வீடியோவில் என் முகம் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. கல்யாணமான புதிதில் நாம் எழுதிக்கொண்டது நினைவிருக்கிறதா? தெருமுனையில் தபால்காரர் மணி அடித்ததும் உங்கள் அம்மா என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் அடுப்பைப் பார்ப்பேன். ஒரே கடிதத்தை அரிசி புடைக்கும்போதும் படிப்பேன், துணி மடிக்கும்போதும் படிப்பேன். போனில் பேசியதை எங்கே மடித்து வைப்பது? அதனால் முன்போல எழுதிக்கொள்வோமே.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்குத்தான் பிந்திப்போயிற்று, சம்பாவுக்கு ஆகும் என்கிறார்கள்.

மார்ச்சில் விசா முடிகிறதே, புதுப்பிக்கவா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் இரண்டு வருஷம் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றும் அவசரம் இல்லை.

அடுத்த தெரு ஜாஹித் லீவு முடிந்து அங்கே வருகிறார். அவர் கையில் ஒரு டின் பொருவிளங்காய் உருண்டை கொடுத்திருக்கிறேன். வழக்கம்போலக் கடித்த உருண்டை அடியில் இருக்கிறது. மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் துஆவை நாடும்,
கமரு

*

மஸ்கட்
25.8.2024

என் அன்பான கமருவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. நீயும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன்.

மகன் பாபநாசத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான், தாயார் போனில் கேமரா கெட்டுக் கிடக்கிறது! யாரிடம் கதை விடுகிறாய்? ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. அந்த 'ழ'வை நீ இன்னும் வால் நீட்டித்தான் போடுகிறாய். குடோனில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன்.

முதல் பயணத்தில் நீ கொடுத்துவிட்ட டின் ஞாபகம் வந்தது. உருண்டை பிடிக்கும்போது வெல்லப்பாகின் பதம் பார்க்க ஒன்றைக் கடித்திருக்கிறாய். அம்மா அடுப்படிக்குள் வரவும் பயந்துபோய் அதை மற்ற உருண்டைகளுக்கு அடியில் தள்ளிவிட்டாய். இங்கே ரூமில் திறந்தால் கடித்த உருண்டை! "என்ன பாய், வழியில எலி புகுந்துருச்சா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் யாருக்கும் கொடுக்காமல் அதைக் கடைசியாகத் தின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு டின்னிலும் ஒரு கடித்த உருண்டை உண்டு. மற்றதெல்லாம் பலகாரம், அது மட்டும் நீ.

இப்போது கேட்கிறேன், இந்தத் தடவை வந்ததைக் கடித்தது யார்? உன் மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் சந்து உண்டு. சூட்டோடு நீ கடித்தால் அந்த இடத்தில் மட்டும் மாவு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். போன டின்னில் வந்த உருண்டையைத் தின்ன மனசில்லாமல் வைத்திருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் வரப்பே இல்லை. அடுத்தவள் கடித்ததை எனக்கு ஏன் அனுப்பினாய்?

இன்னொன்று. "எப்ப வருவீங்க" என்று கேட்காமல் நீ போனை வைத்ததில்லை. இப்போது "இன்னும் இரண்டு வருஷம்" என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். எனக்கு வலிக்கிறது கமரு. செப்டம்பர் முடிவதற்குள் மேனேஜர் பதில் கேட்கிறார். உடனே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெக்கரியா

*

மஸ்கட்
6.10.2024

கமருவுக்கு,

ஸலாம். நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை நீ.

கடிதம் எழுதலாம் என்றவள் நீ. என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை போன் போட்டால் "ம்", "சரிங்க" என்று சொல்லி மருமகளிடம் கொடுத்துவிடுகிறாய். உன் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச்சிலிருந்து இரண்டு வருஷம். நீ சொன்னபடிதான்.

மாடியில் துணி காயப்போடும்போது வழுக்கும், பார்த்து நட.

ஜெக்கரியா

*

தஞ்சாவூர்
20.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கமருவின் தம்பி மகள், பல் டாக்டர் ஷமீரா எழுதுகிறேன். அத்தாவும் அம்மாவும் ஸலாம் சொன்னார்கள். நீங்கள் சுகம்தானே?

குற்றவாளியை முதலில் பிடித்துக்கொடுத்துவிடுகிறேன். அந்த உருண்டையைக் கடித்தது நான்தான். மாமி வாயருகே நீட்டி, "நல்லா அழுத்திக் கடிடீ, அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார்கள். நீங்கள் பல் தடத்தை அளந்து பார்க்கிற ஆள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாமியால் கடிக்க முடியவில்லை மாமா. மேல் முன்பல் இரண்டும் ஆடுகின்றன. பல வருஷமாக ஈறில் ரத்தம் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பல் விலகிச் சந்து பெரிதாகிவிட்டது, பேசினால் காற்று போகிறது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாராம். அன்றிலிருந்து மாமி வாயை முந்தானையால் மூடிக்கொண்டே பேசுகிறார்கள். வீடியோவும் கிடையாது. "எல்லாத்தையும் புடுங்கிட்டு செட்டு கட்டிரு, அதுக்குள்ள அவங்க வந்துரக் கூடாது" என்று என்னிடம் அழுதார்கள். அந்த இரண்டு வருஷக் கணக்கு இதனால் வந்ததுதான்.

இதை எழுத அவர்களிடம் சம்மதம் வாங்கத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. நேற்றுத்தான் "எழுதுறதுன்னா நீயே எழுதிக்க, என் கையால எழுத மாட்டேன்" என்றார்கள்.

தான் சுத்தமில்லாதவள், அதனால்தான் இப்படி என்று மாமி நினைக்கிறார்கள். முரட்டுப் பிரஷ்ஷில் உப்பை வைத்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கிருமி படிவது எல்லார் வாயிலும் உண்டு. அதைத் தடுக்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே வந்து இறங்கும். முதலில் வருவது நியூட்ரோஃபில். கிருமியை விழுங்கும், கொல்லுகிற திரவத்தைக் கொட்டும். வேலை முடிந்ததும் அது தானாகச் செத்துப்போக வேண்டும். பின்னால் வரும் வேறு அணுக்கள் அதைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்து, முடிந்தது என்று சேதி சொல்ல வேண்டும். மாமிக்கு அந்தச் சேதி போகவே இல்லை. இடுக்கில் பற்காரை இறுகிக் கிடப்பதால் கிருமி ஓயவில்லை. சர்க்கரையும் ஏறியிருக்கிறது, அதையும் நான் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். சர்க்கரை ஏறிய உடம்பில் வந்த அணுக்கள் சீக்கிரம் சாவதும் இல்லை, அடங்குவதும் இல்லை. அவை கொட்டுகிற திரவம் ஈறையே அரிக்கிறது. அடுத்து வருகிற டி செல், பி செல் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் எல்லாம் எலும்பைக் கரைக்கிற அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. பல்லைப் பிடித்திருந்த எலும்பு இறங்கிவிட்டது.

நட்ட வயலில் மாடு புகுந்தால் விரட்ட ஊரே இறங்கி ஓடுகிறதல்லவா? மாடு மேய்ந்ததைவிட விரட்டியவர்கள் மிதித்து அழிந்த பயிர் அதிகமாக இருக்கும். மாமியின் ஈறில் நடப்பது அதுதான். சொந்த வீட்டுக் காவலே செய்கிற சேதம், அழுக்குப் பிடித்தவளுக்கு வந்த தண்டனை இல்லை.

பிடுங்காமல் காப்பாற்ற முடியும் என்று நம்புகிறேன். சர்க்கரையைக் குறைக்க வேண்டும், ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும், பிறகு பொறுத்துப் பார்க்க வேண்டும். சத்தியம் செய்து சொல்ல முடியாது. மாமியோ பிடுங்கு என்றே நிற்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு தடவை பல் டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மருமகள்,
ஷமீரா

*

மஸ்கட்
8.11.2024

என் கமருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் சுகம் எப்படி என்று இனி ஷமீராவிடம் கேட்டால்தான் உண்மை வரும் போலிருக்கிறது.

அடிப் பைத்தியமே. இதற்கா என்னை இரண்டு வருஷம் தள்ளி வைத்தாய்? நான் இங்கே என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். நான் இல்லாமல் இருக்க உனக்குப் பழகிவிட்டது, என் முகம் உனக்கு அலுத்துவிட்டது என்றெல்லாம் நினைத்தேன். ஷமீராவின் கடிதத்தைப் படித்துவிட்டுக் குடோனில் நின்று அழுதேன். மிளகாய் மூட்டை பிரிச்சதுல காந்துது என்று பையன்களிடம் சொன்னேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அக்கா கேட்ட எதற்கும் நீ வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் என் செருப்பை ஆடு கவ்விக்கொண்டு ஓடியது. நான் ஒற்றைச் செருப்போடு அதன் பின்னால் ஓடினேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன், கதவிடுக்கில் முதலில் தெரிந்தது அந்தப் பல் சந்துதான், பிறகுதான் உன் முகம். அதைப் பிடுங்கிப் போடப் போகிறாளாம். என்னைக் கேட்காமல் எப்படிப் பிடுங்குவாய்? ஷமீரா சொல்கிறபடி செய். வலித்தால் என்னைத் திட்டு.

கையெழுத்துப் போட்டதுதான் போட்டாயிற்று. இரண்டு வருஷம் ஓடிவிடும், பார்த்துக்கொள்ளலாம். நீ முதலில் குணமாகு.

அல்லாஹ் உனக்கு ஷிஃபா தந்து குணமாக்கட்டும்.

உன் ஜெக்கரியா

*

ராஜகிரி
1.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். புயல் மழை விடாமல் கொட்டுகிறது, சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் குறைவில்லை. போனில் இருமிக்கொண்டே பேசினீர்களே, இருமல் நின்றதா?

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு என்ன சொல்வது? வெட்கம்தான். உங்களிடம் என்ன வெட்கம் என்று கேட்காதீர்கள், உங்களிடம்தான் அதிக வெட்கம். வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வருகிற புருஷனுக்கு நல்ல முகத்தைத்தானே காட்ட ஆசை வரும்.

வைத்தியம் ஆரம்பித்தாயிற்று. ஷமீரா வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டி எடுக்கிறாள். அவள் எடுத்துக் காட்டிய காரையைப் பார்த்தால் பழைய சுவரைக் கொத்தியது மாதிரி இருந்தது. மிருதுவான பிரஷ் கொடுத்து, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத் தேய்த்துக் காட்டினாள். சோற்றைக் குறைத்துவிட்டேன், மாத்திரை சாப்பிடுகிறேன், குடமுருட்டிப் பாலம்வரை தினமும் நடக்கிறேன். ரத்தம் வருவது நின்றுவிட்டது. பல் ஆட்டம்தான் நிற்கவில்லை.

ஷமீரா உங்களுக்கு எழுதிய மாட்டுக் கதையை எனக்கும் சொன்னாள். நான் கெட்டவள் இல்லை, எனக்காக மல்லுக்கு நின்ற அணுக்கள்தான் போகத் தெரியாமல் நின்றுவிட்டன என்று கேட்டதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நாற்காலியில் படுத்துக்கொண்டே உங்களை நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் மச்சான்.

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் தங்கைக்குக் கல்யாணம் என்று போனீர்கள். அது முடிந்தது. வீடு கட்ட என்றீர்கள். கட்டி, சுண்ணாம்பு உதிர்ந்து, மறுபடி பெயின்டும் அடித்தாயிற்று. ஜாபிர் படிப்பு என்றீர்கள். அவன் இப்போது கடை முதலாளி. மாடு எப்போதோ போய்விட்டது. நீங்கள்தான் இன்னும் வயலை விட்டு ஏறவில்லை. அங்கே மிதிபடுவது நம் இரண்டு பேர் ஆயுசு.

இரண்டு வருஷம் போடச் சொன்னவளே நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு தடவை நான் சொன்னதை மட்டும் எப்படி உடனே கேட்டீர்கள்? வாங்க என்று சொன்னபோதெல்லாம் கேட்காத காது அது.

கோபத்திலும் உங்களுக்காக துஆ கேட்கும்,
கமரு

*

மஸ்கட்
5.1.2025

கமருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் நின்றுவிட்டது. இங்கே நல்ல குளிர், நீ பின்னிக்கொடுத்த மப்ளரைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுது.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. பதில் எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதிக் கிழித்தேன். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

பயமாக இருக்கிறது கமரு. இங்கே எந்த ரேக்கில் எந்தப் பருப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே நம் வீட்டில் டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போன லீவில் இரண்டாவது வாரமே ஜாபிர், "அத்தா, எப்ப டிக்கெட்டு?" என்று கேட்டான். தப்பாகக் கேட்கவில்லை, ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லத்தான் கேட்டான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வந்து நிரந்தரமாக உட்கார்ந்தால் அந்த வீட்டில் நான் யார்? பிள்ளைகளுக்குப் பணமும் பெட்டியும்தான் அத்தா. வெறுங்கையோடு ஒரு மனுஷன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தால் யாருக்கு வேண்டும்?

நீ பல்லை மறைத்தாய். நான் இதை மறைத்தேன்.

உடம்பைக் கவனி.

ஜெக்கரியா

*

ராஜகிரி
16.2.2025

என் மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் சுகம். அறுவடை நடக்கிறது, தெருவெல்லாம் வைக்கோல் தூசி. சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டது, ஷமீரா என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

ஆழமாக இருந்த இடத்தில் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைத்தாள். ரெண்டு நாள் கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியது. இப்போது ஈறு சிவப்பு வடிந்து இறுகிவிட்டது. காரை போனதும் கிருமி அடங்கியது, சண்டைக்கு நின்ற அணுக்களும் கலைந்து போகத் தொடங்கிவிட்டனவாம். கரைந்த எலும்பு முழுசாகத் திரும்பாது, ஆனால் இருப்பதை வைத்துக்கொண்டு பல் நிற்கும் என்கிறாள். விலகின பல் தானாகவே கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது! இனி பின்பக்கமாகக் கம்பி வைத்து ஒட்டிப் பிடித்து நிறுத்த வேண்டும். சந்தை அடைத்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் கூடாது என்றேன். முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வேண்டும், ஒருத்தர் அதைப் பார்த்துத்தான் என்னைக் கட்டினார் என்றேன். டாக்டர் என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், முந்தானை இல்லாமல்.

டீத்தூள் டப்பா அடுப்பு மேடையில் வலது கைப்பக்கம், உப்புக்குப் பின்னால் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். விருந்தாளி என்றால் விருந்தாளியாகவே வாருங்கள், திரும்பிப் போகாத விருந்தாளியாக இருந்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் யார் என்பதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்தது என்று யாராவது சேதி சொல்ல வேண்டுமாமே, நான் சொல்கிறேன். முடிந்துவிட்டது மச்சான். வாங்க.

உங்கள் கமரு

பின்குறிப்பு: மாமா, இது ஷமீரா எழுதுகிறேன். மாமியின் பழைய போட்டோ எல்லாவற்றிலும் வாய் மூடியிருக்கிறது, பல் முன்பு எப்படி நின்றது என்று பார்க்க ஒரு அத்தாட்சியும் இல்லை. நீங்கள் தின்னாமல் வைத்திருக்கும் அந்தப் பழைய உருண்டை வேண்டும். நோன்புப் பெருநாளைக்கு ஜாஹித் வருகிறாராம், அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

*

ராஜகிரி
30.3.2025

மச்சானுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாக முடிந்தது. நாளைக்கு இங்கே பெருநாள். உங்களுக்குப் பெருநாள் வாழ்த்து.

ஜாஹித் வந்தார். பேரீச்சம்பழம் கொடுத்தார், தைலம் கொடுத்தார். உருண்டை எங்கே என்றேன். "கேட்டேன் லாத்தா, கொடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்றார். கடிதமும் இல்லை என்றார். என் கடிதத்துக்குப் பதில் எழுதவும் உங்களுக்கு மனசில்லை. ஒரு பழைய உருண்டையைக் கொடுத்துவிடவும் மனசில்லை. புது விசா இந்நேரம் அடித்திருப்பார்கள்.

ஷமீரா இன்னும் பொறுப்போம் என்கிறாள். எதற்குப் பொறுப்பது? பல் சந்தை அவள் இஷ்டத்துக்கு அடைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கமருன்னிஸா

*

மஸ்கட்
13.4.2025

என் கமருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் தொழுகை முடிந்து வந்து உனக்காகத்தான் முதல் துஆ. முழங்கால் சுகம், மனசும் சுகம். கோபத்தில் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அதையும் ரசித்தேன்.

அடைக்க வேண்டாம் என்று ஷமீராவிடம் உடனே சொல்.

உன் மாசிக் கடிதம் கிடைத்த மறுநாளே மேனேஜரிடம் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது மாறினால் எப்படி என்று சத்தம் போட்டார். வீட்டில் உடம்பு சரியில்லையா என்றார். வீட்டில் இப்போதுதான் சரியாகிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் போகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் வந்து வேலை பழகும்வரை இருந்தால் விடுகிறேன் என்றார். அவர் விட்டால்தான் நிச்சயம், அதற்கு முன்னால் எழுதி உன்னை ஏமாற்றக் கூடாது என்றுதான் போனிலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று விசா கேன்சல் பேப்பர் கைக்கு வந்தது. மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை திருச்சியில் இறங்குகிறேன். திரும்பி வர டிக்கெட் இல்லை.

உருண்டையை ஜாஹித் கையில் கொடுக்கவில்லைதான். அவர் பையில் கிடந்து உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பேன்? உன் பழைய சிரிப்புக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அது. கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்து, நானே கொண்டுவந்து ஷமீரா மேஜையில் வைக்கிறேன். அளந்து முடித்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல். உனக்கு இனி கடிக்க அனுமதி இல்லை, நான் டீயில் ஊறவைத்துத் தின்றுகொள்கிறேன். டீத்தூள் எங்கே இருக்கிறது என்றுதான் இப்போது எனக்குத் தெரியுமே.

ஏர்போர்ட்டுக்கு ஜாபிரை மட்டும் அனுப்பாதே, நீயும் வா. முந்தானையை வாய்ப்பக்கம் கொண்டுபோகாதே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ சிரிப்பது தெரிந்தால்தான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவேன்.

வருகிறேன்,
உன் ஜெக்கரியா